புறப்பாடத்துக்குப் பத்து

செப்டம்பர் 8, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. கிள்ளானில் பாதி ரோட்டில் தண்ணீர். வேலைக்குப் பத்து நிமிடம் தாமதம். சூப்பர்வைசர் முறைப்பு.

பன்னிரண்டு மணிக்குப் பல்கலைக்கழக முடிவு. தர்ஷினி போன் செய்தாள்.

"மெடிசின் கிடைக்கலப்பா. மீன்வளம் கொடுத்திருக்காங்க. திரெங்கானுல."

பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வது போல ஒரு குரல். என் ஒரே மகள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் ஃபோர் ஃப்ளாட். எல்லாப் பாடத்திலும் ஏ. அதற்கு மேல் வாங்க மதிப்பெண்ணே கிடையாது. அதற்கு மீன்.

ஃபோர்க்லிஃப்டை ஓரமாக நிறுத்திவிட்டுக் கழிவறையில் போய் நின்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்
வெயில். கூட வேலை செய்யும் குணா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு என்னைக்குண்ணே ஒழுங்கா சீட்டு கொடுத்தானுங்க?" நானும் சேர்ந்து கத்தினேன். அரை மணி நேரம் திட்டினோம். நன்றாக இருந்தது.

வீட்டில் மனைவி லெட்சுமி சமைக்கவில்லை. கோயிலில் எல்லோரிடமும் 'டாக்டர்' என்று சொல்லி வைத்திருக்கிறாள். மூவருக்கும் கடை மீ கோரிங் நூடுல்ஸ். தர்ஷினி மட்டும் முழுவதும் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்
லீவு. தர்ஷினியோடு ரயிலில் பிரிக்பீல்ட்ஸ். சேலைக்கடைக்கு மேல் மாடியில், சீட்டுக்கு மேல்முறையீடு எழுத உதவும் ஒரு சங்கம். கூட்டம். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் ஃபைல்.

எங்களைப் பார்த்தது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தாளைப் புரட்டினார்.

"நூறுல தொண்ணூறு பரீட்சைக்கு. பத்து புறப்பாடத்துக்கு, கிளப், சீருடைப் படை மாதிரி. உனக்கு ரெண்டு கூட வரலயே மா. ஃபோர் ஃப்ளாட் நிறைய பேரு வச்சிருக்காங்க லா. அப்புறம் இந்தப் பத்துதான் பேசும். ஒரு கிளப்ல கூடவா சேரல?"



"எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல ஆன்டி. சோம்பேறித்தனம்," என்றாள் தர்ஷினி.

பொய். ஆறாம் படிவம் சேர்ந்த வருடம் பள்ளி முதலுதவிப் படைக்கு அவளைத்தான் தலைவியாகப் போட்டார்கள். சனிக்கிழமை தோறும் பயிற்சி. நிறுத்தியது நான். படிப்பு கெடுகிறது, விலக்கிவிடுங்கள் என்று பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். "கட்டுப் போடக் கத்துக்கிட்டா மார்க் வருமா?" என்று கேட்டதும் நான்தான். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் சீருடையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் ரயிலில் பட்டியல் எழுதினேன்.

வேண்டியவை: முடிவு நகல் 2. அடையாள அட்டை நகல். புறப்பாட மார்க்குக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் (எந்த முகத்தோடு கேட்பது?)

செப்டம்பர் 12, வெள்ளி
கேட்டேன். முதலுதவிப் படைப் பொறுப்பாசிரியர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். ஃபைலைத் திறந்தார்.

"வராத பிள்ளைக்கு நான் எப்படிங்க மார்க் போடறது?"

மேலேயே என் கடிதம். என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பள்ளிக் கடிதம் இல்லாமலே மேல்முறையீடு அனுப்பினோம்.

செப்டம்பர் 30, செவ்வாய்
மறுபடி மழை. மேல்முறையீடு: இல்லை. ஒரே வரி, மலாயில்.

லெட்சுமி போனில் தங்கையிடம் அரசாங்கத்தை வைதுகொண்டிருந்தாள். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். அரசாங்கத்தின் பங்கு எவ்வளவோ, எனக்குத் தெரியாது. என் பங்கு தெரியும்.

அவள் போனை வைத்ததும் அடுக்களைக்குப் போய்ச் சொன்னேன். பள்ளிக்கு நான் போட்ட கடிதம் அவளுக்குத் தெரியாமல் எழுதியது. பயிற்சி தானாக நின்றுபோனதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அடுப்பை அணைத்தாள். "இது அவளுக்குத் தெரியுமா?"

"ஸ்கூல்ல கொண்டுபோய்க் கொடுத்ததே அவதான்."

லெட்சுமி தலையணையை எடுத்துக்கொண்டு தர்ஷினி அறைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 4, சனி
வெக்கை. தர்ஷினி மீன்வளத்துக்கே போகிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது. வாளி, ஹேங்கர், கொசுவத்தி வாங்கினேன். பூட்டு மறந்துவிட்டேன், திரும்பப் போய் வாங்கினேன்.

நாளை காலை எட்டு மணி பஸ். ஞாயிறு ஓவர்டைம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன், நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க வர வேணாம்பா. அம்மா மட்டும் வரட்டும்."

கோபமில்லாமல்தான் சொன்னாள்.