நடிப்பு என்று சொன்னவன்

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

அன்று கிடங்கில் சிமெண்ட் மூட்டையை இறக்கிய கையோடு, "முதுகுல சுருக்குன்னுச்சு மச்சான்" என்றீர்கள். கால் மணி நேரத்தில், "கால் இருக்குறதே தெரியல" என்று தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் விழவில்லை, உங்கள் மேலும் எதுவும் விழவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. "நடிச்சது போதும், எந்திரிங்க மாப்ள" என்றேன். மேஸ்திரி நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்தார்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். ஈரச் சாக்காக மடிந்து விழுந்தீர்கள். அப்போதும் சிரித்தோம். மாலைவரை உங்களை அங்கேயே கிடக்க விட்டேன்.

என் தலை தப்ப, நீங்கள் குடித்திருந்ததாக முதலாளியிடம் எழுதியும் கொடுத்தேன்.

நேற்று டாக்டரைப் பார்த்தேன். பாரம் தூக்கும்போது முதுகெலும்பின் ஜவ்விலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து ரத்தக்குழாயை அடைத்திருக்கலாமாம். தண்டுவடத்துக்கு ரத்தம் போகாமல் கால்கள் செத்துவிட்டனவாம். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராதாம்.

"உடனே கொண்டாந்திருந்தா நடந்திருப்பாரா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க" என்றார்.

'மாட்டார்' என்றிருந்தால் பிழைத்திருப்பேன்.

இன்று காலை முதலாளியிடமும் ஆட்களிடமும், எழுதிக் கொடுத்தது பொய் என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது. அதை என் கணக்கில் நல்லதாக வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் தங்கை கதவைச் சாத்தினால் எனக்காகப் பரிந்து பேசாதீர்கள். திறந்தால், உங்களைக் குளிப்பாட்டும் வேலையை மட்டும் எனக்குத் தரச் சொல்லுங்கள்.

தலை நிமிராத
உங்கள் மச்சான்