தேங்காயெண்ணெய் விட்ட கத்தி

1992 ஆவணி, வெள்ளிக்கிழமை.

சுவிஸிலிருந்து தம்பி அனுப்பிய மடக்குக் கத்தியை அண்ணை இன்று கொண்டுவந்தார். திறக்கவே முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் அதற்கு எண்ணெய் கேட்டு வந்தவரை, "என்னட்டை இல்லை, தேங்காயெண்ணெய் விடுங்கோ" என்று அனுப்பியவள் நான்தான். பொருளாதாரத் தடையால் கடையில் கிடைக்காத தையல் மெஷின் எண்ணெய் அப்போது என்னிடம் அரைப்போத்தல் இருந்தது. தம்பிக்கு அவரைத்தான் நினைவு வந்ததே என்ற எரிச்சல்.

விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேங்காயெண்ணெய் இறுகிப்போன பிசினைச் சுரண்டினேன். உள்ளே ஒரு குட்டிக் கத்தரிக்கோல். அழுத்தித் திறந்ததில் அதன் வில்கம்பி முறிந்துபோயிற்று.

அண்ணை தலை குனிந்தார். "உது உனக்கெண்டுதான் அவன் அனுப்பினவன், தங்கச்சி. ஆசையிலை நான் எனக்கெண்டு வச்சிட்டன்."

அவர் சொல்லிவிட்டார். நான், "பரவாயில்லை அண்ணை" என்று மட்டும் சொன்னேன். எண்ணெய்ப் போத்தல் இன்னும் துணிகளுக்கு அடியில்தான் இருக்கிறது.