ஆட்ட நாளில் ஆகாத சூப்

பூசான்,
14 செப்டம்பர் 1998

அன்புள்ள போரா அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள். பத்திரிகையில் உங்கள் படம் பார்த்தோம், கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள். தொலைபேசியில் பேசலாமென்றால் பக்கத்திலேயே அத்தை நிற்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை போராவுக்குப் பிறந்தநாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப் உண்டு, நம் பிள்ளைக்கு மட்டும் இல்லை. அன்று உங்களுக்குக் கால்பந்து ஆட்டம். "கொழகொழன்னு அதை இங்க குடிச்சா அவன் அங்க வழுக்கி விழுவான்! அடுப்பை அணைடி" என்று அத்தை பானையை இறக்கிவிட்டார். போராவைப் பெற்றுப் படுத்திருந்தபோதும் இதே கதைதான். பிள்ளை பெற்றவள் குடித்தே ஆகவேண்டிய சூப்பை, உங்கள் ஆட்டத்துக்காக நானே வேண்டாம் என்றேன். நீங்கள் கோல் போட்டீர்கள். அதில் எனக்கும் பங்குண்டு என்று படுக்கையில் கிடந்தபடியே பூரித்துப்போனேன்.

மீன் சந்தையில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். "என்னம்மா, உன் புருஷன் டிவிக்குள்ளேயே குடித்தனம் பண்றாரா?" ஜப்பானில் காலையில் கப்பல் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கொரியா வந்துவிடலாம். ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறதே, வந்துவிடுவீர்கள்தானே?

உங்கள்
கும்-ஹீ

ஃபுகுவோகா,
2 நவம்பர் 1998

போரா அம்மாவுக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. தெருவில் இறங்கினால் கையெழுத்துக்கு மொய்க்கிறார்கள். அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. தொலைக்காட்சியை ஓடவிட்டுத் தூங்குகிறேன். கிம்ச்சி ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அனுப்பு.

கிளப்பில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். அதைப் பிறகு பேசலாம். 14ஆம் தேதி சனிக்கிழமை கோப்பைக்கான இறுதி ஆட்டம். அன்று வீட்டில் அந்தச் சூப் வாசனையே வரக்கூடாது, சொல்லிவிட்டேன்.

சாங்-தே

பூசான்,
16 நவம்பர் 1998

போரா அப்பாவுக்கு,

கோப்பைக்கு வாழ்த்துகள். கிம்ச்சியைக் கப்பலில் அனுப்பியிருக்கிறேன்.

14ஆம் தேதி என் பிறந்தநாள். அந்தத் தேதியை எழுதிய கைக்கு என் ஞாபகம் வரவில்லை. காலையில் சூப் வைத்தேன். "அடிப்பாவி! என் பிள்ளை காலை ஒடிக்கப் பார்க்கிறியா?" என்று அத்தை தெருவுக்கே கேட்கக் கத்தினார். நானும் போராவும் வயிறு முட்டக் குடித்தோம்.

குடித்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வழுக்கவில்லை. இரண்டு கோல் போட்டீர்கள். அத்தை சண்டையை மறந்து குதித்தார். "அம்மா, அப்பா விழவே இல்லையே! அப்ப ஏன் இத்தனை நாளா நாம குடிக்கலை?" என்று போரா கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் விழுந்திருந்தால் என்னைத் திட்டுவதற்காவது ஒரு கடிதம் போட்டிருப்பீர்கள்.

மூன்று வருடத்துக்கும் கையெழுத்துப் போடுங்கள். நானும் போராவும் மாத முடிவில் தேகுவுக்கு, என் அம்மா வீட்டுக்குப் போகிறோம். இனி இந்த முகவரிக்கு எழுதினால் அத்தை பெயருக்கு எழுதுங்கள்.

கும்-ஹீ