செவலை நக்கிய கசடு

இடைசெவல்
20-9-1961

அன்பு மகன் செல்லத்துரைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீ பம்பாய் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கத் தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். கடம்பூரில் உன் தங்கை சுப்புத்தாய்க்கு இது நாலாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது.

இனி சொல்லப்போவதை எழுதக் கூடாது என்று அப்பா சொன்னார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. போன வருஷம் குருமலைப் பன்றிகள் நம் கடலையைத் தோண்டித் தின்றதிலிருந்து அவருக்குத் துப்பாக்கிக் கிறுக்குப் பிடித்தது உனக்குத் தெரியும். லைசென்ஸ் இருந்தால் போதுமா, குண்டு வார்க்கக் காரீயம் வேண்டுமே. கோவில்பட்டியில் பழைய சாமான் கடை குத்புதீன் பாயிடம் கேட்டால் விலை ஏறிக் கிடக்கிறது. குளத்தூர்ப் பக்கம் போய் மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு கேட்டார், அவர்களுக்கே போதவில்லையாம். கடைசியில் ஒரு லாரி ஷெட்டில் செத்த பேட்டரிகளைச் சல்லிசாக வாங்கிவந்து உடைத்து, உள்ளே இருந்த தகடுகளை வாசலிலேயே உருக்கி வார்த்தார். பெரிய ஜமீன்தார் என்று நானும் கேலி பண்ணினேன். மிஞ்சிய கசடைத் தொழுவுக்குப் பின்னால் கொட்டினார். நம் செவலைக் காளை அதைப் போய் நக்கியது. நான் பார்த்தேன் ராசா. உப்பு ருசிக்கு நக்குகிறது, நக்கட்டும் என்று சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். பிறகு காளை பல்லை நறநறவென்று கடித்து, கண் தெரியாமல் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டே நின்றது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, இது ஈய விஷம், நாக்குக்கு இனிக்கும், மாடு விடாது என்றார். ஊசிக்கும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டது.

மழை பெய்து ஊரே உழுகிறது, நம் தொழுவில் ஒற்றை மாடு நிற்கிறது. பக்கத்துக் காட்டுச் சாமித்துரை தன் ஏரைத் தருவதாகச் சொல்கிறார். அப்பா வார்த்த குண்டையெல்லாம் செவலையோடு குழியில் போட்டு மூடிவிட்டார். பன்னி தின்னா தின்னுட்டுப் போவட்டும், எனக்கு இனி ஒண்ணும் வேண்டாம்ங்கார்.

நீ வேலையை விட்டு ஓடிவராதே. நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ நல்லா இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. கன்றிலிருந்து வளர்த்தவன் நீ, அதனால் கடிதம் எழுத உட்கார்ந்தாலே செவலை எப்படி இருக்கிறது என்றுதான் தொடங்குகிறாய். நேற்று வந்ததிலும் அதுதான். அப்பா வாசித்துவிட்டு மடித்து வைத்தார், சோறு தொடவில்லை. இனி அதைக் கேட்காதே ஐயா. நான் எழுதியது தெரிந்தால் தெரியட்டும். அந்த இடத்தில், அப்பா நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
சொர்ணத்தாய்