உன் கதிரைக்கு நடந்த தேர்தல்

இன்று தபாற்பெட்டியில் வாக்குச்சீட்டு உறை கிடந்தது. திறக்க மனம் வரவில்லை. தோழி, நீ இறந்தபின் வெற்றிடமான நகரமன்ற உறுப்பினர் கதிரைக்கு இடைத்தேர்தல் வைத்தபோதும் இதே சாம்பல்நிற உறைதான் வந்தது. உன் இடத்துக்கு நான் நின்றேன்.

உன் முதல் தேர்தல் நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டில் பட்டியலில் ஒருவரை வெட்டிவிட்டு, பிடித்தவர் பெயரை இரண்டு தரம் எழுதலாம். சுவிஸ் குடியுரிமை கிடைத்த நம் சனத்தைக் கோயில் மண்டபத்தில் இருத்தி, உன் பெயரை ஜெர்மன் எழுத்தில் எழுதப் பழக்கினாய்.

"மற்ற ஆக்களை வெட்டுங்கோ, என்னை ரெண்டு தரம் எழுதுங்கோ!"

"ரெண்டு தரம் எழுதினா ரெண்டு சம்பளமோ?" என்றார் மரக்கறிக்கடை அண்ணை.

"முதல் சம்பளத்திலை உங்களுக்குத் தேத்தண்ணி," என்றாய்.

வென்றதும், விடியுமுன் துப்புரவு வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு பராமரிப்பு அறையைத் திறக்க வைத்தாய். அதை மூடும் பிரேரணை மன்றத்துக்கு வரவிருந்த வேளையில் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. அந்த அறைக்காகத்தான் நான் நின்றேன்.

இடைத்தேர்தல் சீட்டில் வெறும் கோடுதான். பெயரை நாமே எழுதவேண்டும். வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் "ஓம், ஓம்" என்றார்கள்.

தோற்றேன். செல்லாத சீட்டுகளில் மிகப் பலவற்றில் உன் பெயர் இருந்ததாம். சிலவற்றில் இரண்டு தரம். அவை எனக்கு விழுந்திருந்தால் வென்றிருப்பேன்.

மரக்கறிக்கடை அண்ணையிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ இல்லையெண்டு தெரியும், தங்கச்சி. பேனையை எடுத்தா அவவின்ர பேர்தான் வருது. அவவின்ர கதிரைக்கு வேற ஆளை எழுதக் கை வரேல்லை."

அவர் உனக்குச் செய்த மரியாதை அது. கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்னும் நிற்கிறேன்.

மன்றத்தில் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் அறையை மூடினார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள் இருட்டோடு என் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சோபாவில் மறுபடி தூங்குகிறார்கள். மற்றவர்கள் தனியே எழும்பி, தனியே கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கேள்வி.

நேற்று அவர்களில் சின்னவள் கேட்டாள்: "அன்ரி, என்ர சிநேகிதியும் வரலாமோ? அவளுக்குத் தனிய இருக்கப் பயம்."

சோபாவில் இடமில்லை என்று சொன்னேன்.