பெட்டியைப் பார்த்து வீட்டுக்கு விலை சொன்னவன்

பதுளை,
20.1.1957

அன்பு மகள் ஜெயலெட்சுமிக்கு,

தரகன் ரெங்கசாமி எனக்குத் துரோகம் செய்துவிட்டான். அதை முதல் வரியில் எழுதாமல் என்னால் நலம் விசாரிக்க முடியவில்லை, பொறுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் திருச்சியில் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை, வாசலிலிருந்து ரோட்டுக்குப் போகும் நாற்பத்திரண்டு படிகளை அவள் இறங்கி நாலு மாதமாகிறது, கோயிலும் இல்லை சந்தையும் இல்லை. அதனால்தான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்த காசில் கட்டிய இந்த வீட்டை விற்று ஹாலிஎல ஸ்டேஷன் பக்கம் சமதரையில் ஒரு சின்ன வீடு வாங்க நினைத்தேன்.

அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்கள் மாற்றம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், நம் ஆட்கள் பலர் இந்தியாவுக்குப் போகிறார்கள், தெருவுக்கு இரண்டு வீடு விலைக்கு நிற்கிறது, வாங்கத்தான் ஆள் இல்லை. மூன்று தரகர்களிடம் கேட்டேன், எல்லோரிலும் பெரிய விலை சொன்னவன் ரெங்கசாமி, அவனையே பிடித்தேன். அது என் தவறு என்கிறாள் அம்மா, நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் எல்லவிலிருந்து ஒரு கடைக்காரரை அழைத்துவந்தான், வந்தவர் உட்கார்ந்ததும் என்னிடம், "எப்பங்க கப்பல் ஏறுறீங்க?" என்று கேட்டார். விசாரித்தால், "கெழவருக்கு நாள் குறிச்சாச்சு, பெட்டிகூடக் கட்டி வச்சிருக்காரு, பாதி வெல கேட்டாலும் குடுத்துட்டுப் போயிருவாரு" என்று வழியிலேயே ரெங்கசாமி சொல்லியிருக்கிறான். அந்தப் பெட்டி என் பேத்திக்கு அம்மா தைத்த சட்டைகளும் போர்வையும் வைத்து, தலைமன்னார் வழியாக இந்தியா போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பக் கட்டிய பெட்டி. இந்த ஊரில் இப்போது நம் வீட்டில் பெட்டியைக் கண்டாலே பயணம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் என் இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தேன், அவர் பாதி விலைக்கு மேல் ஏறவில்லை, எழுந்து போய்விட்டார். ரெங்கசாமியை அன்றோடு விலக்கினேன். "வீட்டுக்குப் பதிலா ஒங்க கோவத்த வித்திருந்தா நாம எப்பவோ ஹாலிஎல போயிருக்கலாம்" என்று அம்மா சிரிக்கிறாள்.

இப்போது மஹ்ரூபை வைத்திருக்கிறேன், மூவரில் குறைந்த விலை சொன்னவர் அவர்தான். படியேறி வந்தவர் என்னைப் பார்க்கும் முன்பே அம்மாவிடம், "கீழ எறங்கி எத்தன நாளும்மா?" என்று கேட்டார். பிறகு என்னிடம், "ஐயா, நான் சொன்ன வெலக்கி மேல இப்ப கெடைக்காது, அவசரப்பட்டா அதுவும் கெடைக்காது. மழ விட்டுச் சுவர் காயட்டும், படி ஏறுற வயசுள்ள ஆளாப் பாத்துக் கூட்டிவாறேன்" என்றார். அந்த விலைக்கு ஹாலிஎலவில் முன் அறை இல்லாத வீடுதான் வரும் என்றும் மறைக்காமல் சொன்னார். முன் அறை இல்லாமல் இருந்துகொள்கிறேன்.

எங்களைத் திருச்சிக்கு வரச்சொல்லி நீ எழுதிய கடிதம் அம்மாவின் தலையணைக்கடியில் இருக்கிறது. நான் வரமாட்டேன், அதை எத்தனை தரம் எடுத்துப் படித்தேன் என்று மட்டும் கேட்காதே. பனியில் பிள்ளையை வெளியே தூக்காதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் துணையால் மூவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இனி ஆக வேண்டியவை. சுவருக்குச் சுண்ணாம்பு நான் அடிக்க வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்களிடம் மஹ்ரூப் மட்டும் பேச வேண்டும், அப்போது நான் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அம்மா. பேத்திக்குக் காது குத்தும் தேதியை நீ எழுத வேண்டும். வீடு மாறும் நாளில் அம்மாவை நாற்காலியில் வைத்துத்தான் இறக்க வேண்டும், ஒரு பக்கம் நான் பிடிப்பேன், மறுபக்கம் பிடிக்க மாப்பிள்ளை வர வேண்டும், லீவுக்கு இப்போதே எழுதிக் கேட்கச் சொல்.

உன் அப்பா,
அழகர்