தாளடியின் இடது கண்

5 ஜனவரி 2025, ஞாயிறு

இன்றைக்கும் சால்வை. வல்லம் ரோட்டு நாய்க் காப்பகத்துக்கு ஞாயிறுதோறும் சும்மா வந்து படம் எடுத்துத் தருகிறேன் என்று நான் ஒத்துக்கொண்டது நாய்களை எடுக்க. எடுத்துக்கொண்டிருப்பது காப்பகத் தலைவர் அண்ணாதுரை சாரை. குட்டியைத் தூக்கிய அண்ணாதுரை சார். குட்டிக்குப் பால் ஊற்றும் அண்ணாதுரை சார். எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு நாய்களுக்காகக் கவலைப்படும் அண்ணாதுரை சார்.

மூன்றாவது படத்தில் குட்டி அவர் சால்வையிலேயே மூத்திரம் பெய்தது. இன்று அங்கே உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.

12 ஜனவரி, ஞாயிறு

பொங்கலுக்கு முன்னால் நாய் கேட்டு வருகிற கூட்டம் ஒன்று உண்டு. துணிக்கடைக்கு வந்த மாதிரியே வருவார்கள். "வெள்ளையில இருக்கா?" "புசுபுசுன்னு வேணுங்க." "பொட்டை வேணாம்." ஒரு அம்மா, வீட்டு பெயிண்ட்டுக்குப் பொருத்தமாக வேண்டும் என்றார். சத்தியமாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அண்ணாதுரை சார், "இருக்கு மேடம், கிரீம் கலர்ல ரெண்டு இருக்கு" என்றார்.

கறுப்பில் இருப்பது தாளடி. கேட்பார் இல்லை.

அம்சம் அக்கா வைத்த பெயர். அக்காதான் அங்கே சமைப்பது, கழுவுவது, மருந்து போடுவது எல்லாம். முப்பது வருஷம் நடவு நட்ட கை. எந்த நெல் சாகுபடிப் பட்டத்தில் நாய் வந்து சேர்ந்ததோ அந்தப் பட்டத்தின் பெயரையே வைத்துவிடுவார். குறுவை, சம்பா, தாளடி. அண்ணாதுரை சார் அதையெல்லாம் மாற்றி ஃபேஸ்புக்கில் பெல்லா, ஸ்னோயி என்று போடுவார். கூப்பிட்டால் ஒன்றும் திரும்பாது.

தாளடி பைபாஸில் லாரி அடித்து வந்தவள். இடது கண் வெந்த முட்டை மாதிரி வெள்ளை. இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள்.

இன்று இன்னொரு செய்தி. இடத்துக்காரர் மனை போடப் போகிறாராம். பிப்ரவரி கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்குள் வீடு கிடைக்காத நாய்களை, "பிடிச்ச இடத்துலயே விட்டுடலாம், அதுதான் முறை" என்றார் சார். தாளடியைப் பிடித்த இடம் பைபாஸ்.

19 ஜனவரி, ஞாயிறு

தாளடியை மட்டும் ஒரு மணி நேரம் எடுத்தேன். ஒழுங்காக உட்கார்ந்தாள். கீழவாசலில் என் ஸ்டுடியோவுக்கு வருகிற மாப்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். பொண்ணு பார்க்க அனுப்புகிற போட்டோவுக்கு என்ன செய்வேனோ அதையே கை செய்துகொண்டு போனது. கறுப்பைக் கொஞ்சம் இறக்கினேன். இன்னும் கொஞ்சம். காபிப்பொடி நிறத்துக்கு வந்தது. அப்புறம் வலது கண்ணை நகல் எடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டினேன். கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. பதினைந்து நிமிஷ வேலை. அழகி ஆகிவிட்டாள்.

தப்பா? ஊரே பார்க்கிற லட்சணத்துக்கு இதுதான் மருந்து. வெள்ளைத்தோல் பைத்தியங்களுக்கு வேறு எப்படிக் காட்டுவது?

திருத்தினதை மட்டும் வைத்துக்கொண்டு கேமரா கார்டை அழித்துவிட்டேன். அப்பா சொல்லிக்கொடுத்த தொழில் ஒழுக்கம் அது: பழைய படம் கடையில் கிடந்தால் பொண்ணு வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம்.

21 ஜனவரி

ஃபேஸ்புக்கில் தாளடிக்கு நானூறு லைக். "சோ க்யூட்" என்று எழுதியவர்களில் ஒருத்தர்கூட நாய்க்கு ஒரு கைப்பிடி சோறு வைத்திருக்க மாட்டார்.

26 ஜனவரி, ஞாயிறு

தாளடி போய்விட்டாள். அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கிராமம். வைத்தியலிங்கம் என்று ஒருத்தர், பத்து ஏக்கர், மகன் கனடா. படத்தைப் பார்த்து போனிலேயே சரி சொல்லிவிட்டார். நேரில் வந்து பார்க்கவில்லை. "வந்து பார்க்கச் சொல்லுங்க சார்" என்று அம்சம் அக்கா சொல்லிப் பார்த்தார். "வந்து பார்த்தா வேணாம்னுடுவாங்க" என்று அண்ணாதுரை சார் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஜெயித்த மாதிரி டீ குடித்தேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

வைத்தியலிங்கத்துக்கு நானே போன் போட்டேன், தாளடி எப்படி இருக்கிறாள் என்று கேட்க.

"நீங்க அனுப்புனது போட்டோல இருந்த நாய் இல்லைங்களே. கறுப்பு. ஒத்தக்கண்ணு வேற. பேத்திக்குக் காது குத்து வச்சிருக்கோம், வாசல்ல ஒத்தக்கண்ணு நாய நிறுத்த முடியுமா? சொல்லுங்க."

எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன்.

"மதகுக்கிட்ட விட்டாச்சுங்க, புதன்கிழமையே. பொழச்சுக்கும்."

மரியாதையாகத்தான் பேசினார். "ங்க" ஒன்றுகூடக் குறையவில்லை. நாயை நடுவழியில் விட்டுவிட்டு வந்த வாய். தூ.

ஆனால் — அவர் சொன்னதில் பொய் எது? போட்டோவில் இருந்த நாய் இல்லை. இல்லைதான்.

என் இருபத்திரண்டு வயதில் இதே வாசகத்தை, என்னைப் பொண்ணு பார்க்க வந்த மன்னார்குடிக்காரர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்கள், பஜ்ஜியைத் தின்றுகொண்டே. "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே." அந்தப் படத்தை வெளுத்தது அப்பா. பிரியத்தில்தான் செய்தார். இன்னும் கடை வாசலில் சாம்பிளாகத் தொங்குகிறது, "இதே மாதிரி பண்ணிக் குடுங்க" என்று எல்லாரும் காட்டுவது அதைத்தான். மன்னார்குடிக்காரர்களைப் பதினாறு வருஷமாகத் திட்டுகிறேன். அப்பாவை ஒருநாளும் திட்டினதில்லை.

3 பிப்ரவரி

அம்சம் அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். ஒட்டின கண்ணையும்.

அக்கா கழுவிக்கொண்டிருந்த குண்டானைக் கீழே வைத்தார். "அது உசுரோட இருக்கக்குள்ளயே அத மறைச்சிட்டியே மதி. கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?"

எனக்கு அழுகை வந்தது. அக்கா கண்டுகொள்ளவில்லை. "நாளைக்கு வண்டி எடுத்துட்டு வா" என்றார்.

தேட நோட்டீஸ் அடிக்கப் படம் வேண்டும். இருப்பது அந்த ஒன்றுதான். கார்டை மீட்டுப் பார்த்தேன், அதில் இப்போது யாரோ ஒரு கல்யாணம் இருக்கிறது. அண்ணாதுரை சார் போனைக் கேட்டு வாங்கித் தேடினேன். இருநூறு படம். எல்லாவற்றிலும் அவர். ஒன்றில் ஓரமாக ஒரு கறுப்பு வால் மட்டும்.

அந்தப் பொய் மூஞ்சியையே நூறு நோட்டீஸ் அடித்தேன். வேறு வழி?

4 பிப்ரவரி

இல்லை.

5 பிப்ரவரி

இல்லை. மேட்டூர் அணை மூடியாச்சு, வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான். அதனால் விழுந்திருக்க மாட்டாள் என்று அக்கா சொல்கிறார். ரோடு இருக்கிறதே அக்கா, ரோடு? அறுவடை மெஷின், நெல் லாரி எல்லாம் நாள் முழுக்க அந்த வழியில்தான் போகிறது. அவளுக்கு இடது பக்கம் தெரியாது.

6 பிப்ரவரி, வியாழன்

மதகுக்குப் பக்கத்து டீக்கடை. மூன்று நாளாக என் நோட்டீஸ் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. கடைக்கார அம்மா தினமும், "அப்படி ஒண்ணும் வரலையேம்மா" என்றுதான் சொன்னார். இன்று அக்கா டீ குடித்தபடி, "கறுப்பா எதுவும் பாத்தியளா?" என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"கறுப்பு ஒண்ணு டிபிசில கெடக்கு. ஆனா அது இது இல்ல. அதுக்கு ஒரு கண்ணு வெள்ளை."

மூன்று நாள். என் நோட்டீஸ் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே கிடைத்திருப்பாள். ஊர்க்காரர்களை மடையர்கள் என்று இந்த மூன்று நாளும் வண்டியில் திட்டிக்கொண்டே வந்தேன். அவர்கள் படத்தைச் சரியாகப் பார்த்துச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

டிபிசி என்றால் அரசு நெல் கொள்முதல் நிலையம், அங்கிருந்து அரை கிலோமீட்டர். தார்ப்பாய் போட்ட நெல் மூட்டைகள் வரிசையாக. நிழலில் தாளடி, மூட்டைமேல் ஏறப்போன ஆட்டைக் குரைத்து விரட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வந்தாள். அக்கா காலைச் சுற்றினாள், என்னையும் சுற்றினாள். எனக்கு அது பொறுக்கவில்லை. கடித்திருக்கலாம்.

மூட்டை தூக்குகிற இராஜாங்கம் என்பவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "இவங்கதாங்க எங்க மேனேஜரு. நெல்லுல ஆடும் அண்டாது, எலியும் அண்டாது."

நோட்டீஸைக் காட்டினேன், எங்கள் நாய் என்று நிரூபிக்க. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் எடுத்துச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?" என்று தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார். நோட்டீஸை அவரிடமிருந்து வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கூட்டிப்போகவா என்று கேட்டதற்கு, "சீசன் முடிஞ்சா என் வீட்டுக்கு வந்துடும்ங்க. அந்தா, கொடிக்கம்பத்துக்குப் பின்னாடி" என்று காட்டினார். அவரிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன், பழக்கதோஷம். பீடி பிடிக்கிறார். அவ்வளவுதான் கிடைத்தது. அக்கா அவர் வீடுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கட்டும் என்றார்.

கிளம்பும்போது ஒரு படம் எடுக்கப் போனேன். கை தானாக நல்ல கண்ணின் பக்கம் நகர்ந்தது. இராஜாங்கம்தான், "நேரா நின்னு எடுங்க, ரெண்டும் விழட்டும்" என்றார்.

23 பிப்ரவரி, ஞாயிறு

போன ஞாயிறு காப்பகத்தில் மீதி பதினொன்று. எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன், சொறி, தழும்பு, நொண்டிக்கால் எல்லாம் தெரிகிற மாதிரி. பெயரும் அக்கா வைத்ததுதான். நேரில் வந்து பார்க்காதவர்களுக்கு நாய் கிடையாது என்று கீழே எழுதினேன். "இப்படிப் போட்டா யாரும்மா வருவா?" என்று அண்ணாதுரை சார் கத்தினார். எட்டு லைக். நான்கு பேர் வந்தார்கள். மூன்று நாய் போனது. மீதியை என்ன செய்ய? இரண்டை அக்கா எடுத்துக்கொள்கிறார். ஆறுக்கு வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது. பைபாஸ் பக்கம் ஆட்டோ போனால் குறுக்கே படுப்பேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

10 மார்ச்

ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார், பொண்ணு பார்க்க அனுப்பப் படம் வேண்டும் என்று. வாசலில் சாம்பிளைத் தேடினார். அந்தச் சட்டத்தில் இப்போது நான் இல்லை, தாளடி இருக்கிறாள்.

"என்னங்க இது, ஒரு கண்ணு வெள்ளையா இருக்கு? சரி பண்ணலையா?"

"இல்லைங்க. அது கண்ணு அப்படித்தான்."

"எம்பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுப்பீங்கல்ல?"

"பக்கத்துக் கடையில பண்ணுவாங்கம்மா."

அந்த அம்மா முறைத்துவிட்டு இறங்கிப் போனார். பொண்ணு பின்னாலேயே போகவில்லை. தாளடி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.